தொப்பை புராணம்: வெம்பாக்கம் பதிப்பு

நம் உடம்பில் இருக்கும் கொழுப்பை யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று மனிதகுலம் ஏங்க ஆரம்பித்து ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. இதில் 'யாராவது' என்பதுதான் உயிர்நாடி. தானே குறைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை எந்த நூற்றாண்டிலும் எவருக்கும் ருசித்ததில்லை. இந்த வரலாற்றை ரோமாபுரிக்காரனும் பாரிஸ்காரனும் கலிஃபோர்னியாக்காரனுமே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் வெம்பாக்கம் வட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதைப் பதிவு செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. பட்டு நெய்து மற்றவர்களின் தொப்பையை நாசூக்காக மறைத்துக்கொண்டிருக்கும் ஊர்ப்பக்கம் இது. தொப்பையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல இவர்களைவிடத் தகுதி யாருக்கு?

ராஜா எழுதிய உடம்பு மாற்று சிகிச்சை

வெம்பாக்கம் வட்டத்து மாமண்டூரில் ஏரியை ஒட்டிய குன்றில் பல்லவர் குடைவரைகள் இருக்கின்றன. அங்குள்ள சிதைந்த கல்வெட்டு ஒன்றில் 'மத்தவிலாசம்', 'பகவதஜ்ஜுகம்' என்ற இரண்டு சிரிப்பு நாடகங்களின் பெயர்கள் தெரிகின்றன. மத்தவிலாசத்தை எழுதியது சாட்சாத் முதலாம் மகேந்திரவர்மன். ஒரு பக்கம் சாளுக்கியன் புலிகேசி படையோடு வந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் குடித்துவிட்டு மண்டையோட்டைத் தொலைத்த காபாலிகனைப் பற்றிக் காமெடி எழுதிக்கொண்டிருந்த மகாராஜா. இன்றைக்கு எழுதியிருந்தால் எத்தனை சங்கங்கள் மனம் புண்பட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

நமக்கு வேண்டியது இரண்டாவது நாடகம். அதை எழுதியது மகேந்திரனா போதாயனரா என்று பண்டிதர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கதை மட்டும் கல் மாதிரி நிற்கிறது. ஒரு தாசி பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். தன் யோக சக்தியைச் சீடனுக்குக் காட்டுவதற்காக ஒரு சாமியார் அவள் உடம்புக்குள் புகுந்துவிடுகிறார். எமனின் ஆள் வந்து, 'ஐயையோ, தப்பான ஆளைத் தூக்கிவிட்டோமே' என்று அவள் உயிரைத் திருப்பிக் கொண்டுவருகிறான். பார்த்தால் அவள் உடம்பில் வேறு ஆள் குடியிருக்கிறார். வேறு வழியில்லாமல் அவள் உயிரைச் சாமியாரின் உடம்பில் போட்டுவிட்டுக் கிளம்புகிறான். அப்புறம் என்ன? அழகான பெண் வாயைத் திறந்தால் தத்துவம் கொட்டுகிறது. தாடிச் சாமியார் காதலனைப் பார்த்துக் குழைகிறார்.

உடம்பை முழுசாக மாற்றினாலும் உள்ளே இருப்பது பழைய ஆள்தான் என்பதே இந்த நாடகத்தின் சாரம். அழகு அறுவை சிகிச்சை பற்றிப் பின்னால் வந்த மருத்துவ ஆராய்ச்சிகள் பலவும் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

சரகர் சொன்ன எட்டுப் பேர்

மகேந்திரனுக்கு முன்பே ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை ஒரு பட்டியல் போட்டுவிட்டது. பழிக்கப்படும் உடம்புக்காரர்கள் எட்டு வகை: மிக நெட்டை, மிகக் குட்டை, உடம்பெல்லாம் முடி, முடியே இல்லை, மிகக் கறுப்பு, மிகச் சிவப்பு, மிகப் பருமன், மிக ஒல்லி. காலை எட்டு மணிக்கு வெம்பாக்கம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் அத்தனை பேரும் இதில் அடக்கம். கல்யாணத் தரகர்களுக்கு மூல நூல் எங்கிருந்து கிடைத்தது என்பதும் தெரிந்துவிட்டது.

ஆனால் சரகர் வெறுமனே கிண்டல் செய்துவிட்டுப் போகிறவர் இல்லை. பருமன், ஒல்லி இரண்டில் ஒல்லிதான் பரவாயில்லை, வைத்தியம் சுலபம் என்கிறார். பருமனுக்கு வழியும் சொல்கிறார்: பார்லி சாப்பிடு, தேன் குடி, உடற்பயிற்சி செய், இரவில் கண் விழி, இல்லற இன்பம் கொள், அதோடு, கவலைப்படு. ஆமாம், கவலையும் மருந்துச் சீட்டில் இருக்கிறது. கடன் வாங்கிப் பாவு போட்டு, ஜரிகை விலை ஏறுவதைப் பார்த்தபடி குழித்தறியில் இரவெல்லாம் கால் மிதிக்கும் நெசவாளிக்கு இந்தச் சிகிச்சையில் முக்கால்வாசி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. தறியில் உட்கார்ந்தவனுக்குத் தொப்பை விழுந்து பார்த்தவர்கள் குறைவு. அது பெரும்பாலும் கல்லாப்பெட்டியில் உட்கார்ந்தவருக்குத்தான் விழும்.

கூடை கூடையாக

இப்போது ரோமாபுரி. கி.பி. முதல் நூற்றாண்டில் லூசியஸ் அப்ரோனியஸ் என்றொரு கான்சல். ஏறக்குறைய நம் ஊர் அமைச்சர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனிதர், படை நடத்தியவர். ஆனால் மருத்துவ வரலாற்றில் அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அவருடைய வீரம் அல்ல, மகனின் தொப்பை. அந்தப் பையனின் உடம்பிலிருந்து கொழுப்பை வெளியே எடுத்து, அசைய முடியாத பாரத்தைக் குறைத்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். அப்பா எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் பிள்ளையால் வரும் பெயர் தனி.

கொழுப்புக்கு உணர்ச்சியே கிடையாது என்பது பிளினியின் சித்தாந்தம். ஆதாரமும் கொடுக்கிறார்: உயிரோடு இருக்கும் பன்றியின் கொழுப்பை எலி கடித்தால்கூட அதற்குத் தெரியாதாம். அந்தப் பன்றியிடம் யார் போய்க் கேட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பிளினியே கொஞ்சம் பருத்த உடம்புக்காரர்தான். அவர் விடும் குறட்டைச் சத்தத்தைப் பற்றிச் சகோதரி மகன் எழுதிய கடிதமே இருக்கிறது.

அடுத்த சாட்சி யூதர்களின் தல்மூத். ரபி எலியாசர் பென் சிமியோன் என்று ஒருவர். அவரும் இன்னொரு ரபியும் எதிரெதிரே நின்றால் வயிறு இரண்டும் முட்டிக்கொள்ளும். அந்தப் பாலத்துக்குக் கீழே ஒரு ஜோடி மாடு முட்டாமல் போய்விடலாம் என்கிறது நூல். நம் ஊர்ப் புராணக்காரர்களே எழுந்து நின்று கைதட்ட வேண்டிய வர்ணனை. இந்த எலியாசர், ரோமானிய அரசுக்காகத் திருடர்களைப் பிடித்துக் கொடுத்தவர். ஒருமுறை பிடித்துக் கொடுத்த ஆள் தூக்கில் தொங்கியதும் மனசு உறுத்த ஆரம்பித்தது: நாம் செய்தது சரியா? இதைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறைதான் வினோதம். தூக்க மருந்து குடித்தார். பளிங்கு அறைக்குள் படுத்தார். வயிற்றைக் கிழித்துக் கூடை கூடையாகக் கொழுப்பை அள்ளி, கொளுத்தும் கோடை வெயிலில் வைத்தார்கள். நாறவில்லை. ஆகவே அவர் நிரபராதி.

மயக்க மருந்து, தனி அறை, வயிற்றுக் கொழுப்பு, நல்ல பெயர். இன்றைய அழகு சிகிச்சை விளம்பரத்தில் இருக்கும் நான்கு சமாச்சாரங்களும் அன்றைக்கே வந்துவிட்டன. தவணை முறை மட்டும்தான் பாக்கி.

மாமண்டூர்க் குன்றைக் குடைந்த அதே ஏழாம் நூற்றாண்டில் ஏகினாத் தீவுக்காரர் பால் என்ற கிரேக்க மருத்துவர், ஆண்களுக்கு மார்பு பெருத்துவிட்டால் எப்படிக் கீறிச் சரிசெய்வது என்று எழுதி வைத்தார். இன்றைக்குச் சட்டைப் பித்தானைப் போட்டபடியே ஆற்றில் குளிக்கும் இளைஞர்களின் பிரச்சினை புதிதல்ல.

மூக்குப் போன மாட்டு வண்டிக்காரர்

அழகு சிகிச்சை என்றால் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்பவர்கள் கொஞ்சம் ஆரணிப் பக்கம் திரும்பலாம். 1782 ஜூன் 2 அன்று ஆரணிக்கு அருகே ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். ஹைதரின் படைக்கான சரக்கெல்லாம் ஆரணிக் கோட்டையில் இருந்தது. வடஆற்காட்டு ஜனங்களுக்கு இரண்டு பக்கப் படையும் ஒன்றுதான்: எவன் வந்தாலும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு போவான்.

பத்து வருஷம் கழித்து, ஹைதர் மகன் திப்புவின் கைதியாகக் காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரர் சிக்கினார். ஆங்கிலேயப் படைக்கு வண்டி ஓட்டிய குற்றத்துக்கு மூக்கும் ஒரு கையும் போயிற்று. பிறகு புனேயில், செங்கல் சூளை வேலை செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கு அளவெடுத்து, நெற்றித் தோலை இறக்கி, புது மூக்கு வைத்துவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர்கள் வாயைப் பிளந்தபடி பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் பிணங்களின் மீது பழகிப் பழகி, 1814இல் உயிருள்ள ஆளுக்குச் செய்து பார்த்தார். ஐரோப்பா இதைப் 'புதிய துறை' என்று அறிவித்தது. மூக்கு வைத்தவரின் பெயரை எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மாட்டு வண்டிக்காரர் பெயர் மட்டும் மிஞ்சியதே பெரிய விஷயம்.

இளைத்த லண்டனும் இளைத்த வடஆற்காடும்

1863இல் வில்லியம் பான்டிங் என்ற லண்டன் பிரமுகர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவர் தொழில், அரச குடும்பத்து ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்வது. பிணப்பெட்டி அளவு பார்த்துப் பார்த்தே தன் அளவு மறந்துபோனவர். குனிந்து செருப்பு நாடா கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். காது மந்தமாகிறதே என்று காது வைத்தியரிடம் போனார். வைத்தியர் காதை விட்டுவிட்டு வாயைப் பார்த்தார்: ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்து. 202 பவுண்டு இருந்த மனிதர் 46 பவுண்டு இளைத்தார். நூல் சக்கைப்போடு போட்டது. எடை குறைப்பதற்கு அவர் பெயரையே வினைச்சொல்லாக்கி ஊரே 'பான்டிங்' செய்தது.

அதே நூற்றாண்டில் ஐரோப்பியப் பட்டு வியாபாரிகள் நேர்மாறான காரியத்தில் இருந்தார்கள். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் பிசின் கழன்று எடையில் ஏறத்தாழ கால்வாசி போய்விடும், மினுமினுப்பு வரும். ஆரணி, காஞ்சிபுரச் சாயப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. போன எடை போகட்டும் என்று விட ஐரோப்பிய வியாபாரிக்கு மனசில்லை. தகர உப்பில் ஊறப்போட்டு, கழன்ற எடையைத் திரும்ப ஏற்றினான், சில சமயம் அதற்கு மேலும். அப்படி ஊட்டம் கொடுத்த பட்டு, பெட்டிக்குள் மடித்து வைத்தபடியே கிழிந்து பொடிந்தது. மனிதனை இளைக்கவைத்தும் பட்டைக் கொழுக்கவைத்தும் காசு பார்த்த காலம்.

அப்போதுதான் இந்தப் பக்கம் தாது வருஷப் பஞ்சம் வந்தது: 1876 முதல் 1878 வரை. வெம்பாக்கம் அன்றைக்கு வடஆற்காடு மாவட்டம்; பஞ்சம் வறுத்தெடுத்த மாவட்டங்களில் அதுவும் ஒன்று. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்து, நாட்கணக்கில் விருந்து போட்டார் வைசிராய் லிட்டன் பிரபு. அதே மாதம் பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று டெம்பிள் தீர்மானித்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தச் சோற்றில் மனிதன் வேலை செய்ய முடியாது, செத்துப்போவான் என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். 1877 மே மாதம் கூலி கொஞ்சம் ஏறியது. அதற்குள் கணக்கில் வராத உடம்புகள் எத்தனையோ மண்ணுக்குள் போய்விட்டன.

இளைப்பதற்கு லண்டன்காரன் புத்தகம் வாங்கினான். வடஆற்காட்டுக்காரனுக்கு அரசாங்கமே ஏற்பாடு செய்தது. இதையெல்லாம் பார்த்த பாட்டிகளின் பேத்திகள்தான் பின்னால் மருமகளைப் பார்த்து, "என்னடி இப்படி எலும்பும் தோலுமா இருக்கே? உங்க வீட்ல சோறு போடலியா?" என்று கேட்டார்கள். பூசினாற்போன்ற உடம்பு என்பது நம் ஊரில் அழகு மட்டுமல்ல, வீட்டில் குதிர் நிறைந்திருக்கிறது என்பதற்கான சான்றிதழ். சினிமாக் கதாநாயகனின் வேட்டிக்கு மேல் வயிறு லேசாகத் தெரிந்த காலத்தில் தியேட்டரில் யாரும் எழுந்து போகவில்லை. அந்தச் சான்றிதழ் செல்லாமல் போய் சில பத்தாண்டுகள்தான் ஆகின்றன. இப்போது கல்யாணத்துக்கு வந்த பெரியம்மா, "என்னடி, உடம்பு போட்டுட்டாப்ல இருக்கே?" என்று மாற்றிக் கேட்கிறாள். கேட்பதை மட்டும் நிறுத்துவதாக இல்லை.

கரண்டியிலிருந்து குழாய்க்கு

1899இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹோவர்ட் கெல்லி, 285 பவுண்டு எடையுள்ள ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து தொங்கிய கொழுப்பு மடிப்பை அப்படியே வெட்டி எடுத்தார். ஏழரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. அது வெட்டு வேலை. நீளமான தழும்பு நிச்சயம்.

தழும்பில்லாமல் செய்ய ஆசைப்பட்டதில்தான் முதல் விபரீதம் நடந்தது. 1920களில் பாரிஸ் பெண்களின் பாவாடை முழங்காலுக்கு ஏறியது. அதுவரை யார் கண்ணிலும் படாமல் நிம்மதியாக இருந்த கெண்டைக்கால் திடீரென்று பிரச்சினையாகிவிட்டது. சார்ல் டுஜாரியே என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவரிடம் ஓர் இளம்பெண் போனாள். கர்ப்பப்பையைச் சுரண்டும் கரண்டியை எடுத்துக் காலில் சிறு துளை போட்டு, உள்ளே இருந்த கொழுப்பைச் சுரண்டினார். இரத்தக் குழாய் போயிற்று, கால் அழுகியது, கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1929இல் நீதிமன்றம் 200,000 பிராங்க் நஷ்ட ஈடு விதித்தது. அதன் பிறகு நாற்பது வருஷங்களுக்கு மேல் இந்தப் பக்கமே தலைவைக்கப் பெரும்பாலானவர்கள் பயந்தார்கள். மருத்துவர்கள் பயந்ததால் மனிதகுலம் பிழைத்த அபூர்வமான காலகட்டம்.

1970களின் நடுவில் ரோமாபுரி மறுபடியும் வந்தது. ஆர்பாத் ஃபிஷர், ஜியோர்ஜியோ ஃபிஷர் என்ற அப்பாவும் மகனும் சேர்ந்து, வெட்டும் கத்தியையும் உறிஞ்சும் குழாயையும் இணைத்து ஓர் எந்திரம் செய்தார்கள். அப்ரோனியஸ் வீட்டில் மகனின் கொழுப்பால் அப்பாவுக்குப் பெயர். ஃபிஷர் வீட்டில் ஊராரின் கொழுப்பால் இருவருக்கும் பெயர்.

1977இல் பாரிஸில் இவ் ஜெரார் இலூஸ் என்ற மருத்துவரிடம் ஒரு பெண் வந்தாள். முதுகில் கொழுப்புக் கட்டி. எடுக்க வேண்டும், ஆனால் தழும்பு கூடாது. இலூஸ் கத்தியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கருக்கலைப்புக்குப் பயன்படும் முனை மழுங்கிய குழாயை நுழைத்து உறிஞ்சினார். மழுங்கிய முனை என்பதால் நரம்பும் இரத்தக் குழாயும் ஒதுங்கிக்கொண்டன. கொழுப்பு மட்டும் வந்தது. 1983இல் 3,000 பேருக்கு மேல் செய்த அனுபவத்தை வெளியிட்டார். அமெரிக்க மருத்துவர்கள் பாரிஸுக்கு ஓடினார்கள், கற்றுக்கொள்ளவும் ஊருக்குத் திரும்பிப் பலகை மாட்டவும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது: இரத்தம். உறிஞ்சியதில் கணிசமான பங்கு அதுதான். கலிஃபோர்னியாவின் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1985இல் இதற்கு வழி கண்டார், 1987இல் எழுதினார். உப்பு நீரில் நீர்க்கக் கரைத்த லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து, இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலின், எரிச்சல் தெரியாமலிருக்கக் கொஞ்சம் சோடா உப்பு. இதை லிட்டர் கணக்கில் தோலுக்கு அடியில் செலுத்தி, இடத்தை விம்மவைத்து, பிறகு சில மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயால் உறிஞ்ச வேண்டும். இரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது. முழு மயக்கம் இல்லாமலே செய்யலாம். கிலோவுக்கு 35 மில்லிகிராம் லிடோகெய்ன் வரை இப்படிக் கொடுக்கலாம் என்று 1990இல் காட்டினார். 70 கிலோ ஆளுக்கு 2,450 மில்லிகிராம். அதைத் தாண்டினால் இதயம் கணக்குக் கேட்கும்.

டீக்கடை மருத்துவக் கல்வி

வெம்பாக்கத்து டீக்கடையில் இந்தச் சமாச்சாரம் போனால் முதலில் வரும் கேள்வி அழகைப் பற்றியதாக இருக்காது.

"ஏன் மாமா, உறிஞ்சின கொழுப்பை என்ன பண்ணுவாங்க?"

"மஞ்சப் பையில போட்டுக் கொளுத்திடுவாங்கடா மாப்ள. எடுத்ததுல கொஞ்சத்தைச் சுத்தம் பண்ணி, ஒட்டிப்போன கன்னத்துக்கோ தழும்பு விழுந்த எடத்துக்கோ ஏத்தறதும் உண்டு."

"அப்ப ஒருத்தர் தொப்பை இன்னொருத்தர் கன்னமா?"

"அவங்கவங்க தொப்பை அவங்கவங்க கன்னத்துக்குத்தான். அடுத்தவன் கொழுப்பு நமக்கு எதுக்கு, நம்மளதே ஏகப்பட்டது இருக்கே."

மாமா சொன்னது சரிதான். சட்டப்படி அது மஞ்சள் பைக் கழிவு. 2001இல் இந்தக் கழிவிலிருந்தே குருத்தணுக்களைப் பிரிக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து கொழுப்புக்குக் கொஞ்சம் மரியாதையும் கூடியிருக்கிறது.

அடுத்த கேள்வி முக்கியமானது: "ஒரே நாளில் இருபது கிலோ எடுத்துடுவாங்களா?" மாட்டார்கள். ஒரே அமர்வில் 5 லிட்டரைத் தாண்டினாலே பெரிய அளவு என்று கணக்கு. அதற்கு மருத்துவமனையில் தங்கிக் கண்காணிப்பு வேண்டும். ஒரு லிட்டர் கொழுப்பு ஒரு கிலோகூட வராது. ஆக, எடை இயந்திரத்தில் ஏறி நின்று ஆனந்தக் கண்ணீர் வடிக்க இந்தக் குழாய் உறிஞ்சல், அதாவது லைப்போசக்ஷன், உதவாது. எடைக்காகச் செய்வது இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் அறுவை. அது வேறு வகை, வேறு ஆபத்து. இரண்டையும் 'கொழுப்பு ஆபரேஷன்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது நம் ஊர்ப் பழக்கம்.

லைப்போசக்ஷன் செய்வது வடிவத்தை. உடம்பு எடை ஏறக்குறைய சரியாக இருந்தும், இடுப்போரம், தொடை, தாடைக்குக் கீழே, ஆண்களின் மார்பு என்று சில இடங்களில் மட்டும் கொழுப்பு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால், அதைக் கிளப்பும். பிறகு பல வாரங்களுக்கு இறுக்கமான உடை. வீக்கம் வற்றி உண்மையான வடிவம் தெரிய மாதங்கள் ஆகும். தோல் தொளதொளத்துப் போனவருக்குக் கொழுப்பை எடுத்தால் தோல் இன்னும் தொங்கும். அதற்கு வெட்டுத்தான் வழி.

சரி, நம் ஊர் ஆண்களின் புகழ்பெற்ற தொப்பை? கை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு நடுவே பிடிபட்டால் அது தோலுக்கு அடியில் இருப்பது; குழாய் எட்டும். பானை மாதிரி கெட்டியாக நின்றால், கொழுப்பு குடலைச் சுற்றி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அங்கே எந்தக் குழாயும் போகாது, போகவும் கூடாது. சர்க்கரையையும் மாரடைப்பையும் வரவழைப்பதில் பெரிய கை அதுதான்.

இந்த விஷயத்தில் இந்தியர்களுக்கென்று தனி வரலாறே உண்டு. 2004இல் 'லான்செட்' இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு அச்சடித்தாற்போல் 22.3. ஆனால் கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். மற்றவர்களின் சர்க்கரையை ஆராயும் மருத்துவர், அறிவியலுக்காகச் சட்டையைக் கழற்றாமலே மானத்தை விட்டார். ஒல்லியாகத் தெரிந்துகொண்டே கொழுப்பு சேர்ப்பதில் நாம் உலகத் தரம். அதனால்தான் நமக்குக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை மணி. இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று கோடு கிழித்திருக்கிறார்கள்.

அதே 2004இல் அமெரிக்காவில் உடல் பருமனான 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஆளுக்குச் சராசரியாகப் பத்துக் கிலோ அளவில் கொழுப்பை உறிஞ்சிப் பார்த்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தால் இன்சுலின் செயல்பாடு, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. கொழுப்பு போனது, நோய்க்கான காரணம் வீட்டைக் காலி செய்யவில்லை. 2011இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 32 பெண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். தொடையிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு எடுத்தவர்களுக்கு, ஒரு வருஷத்துக்குள் மொத்தக் கொழுப்பு பழைய கணக்குக்கே வந்துவிட்டது. தொடைக்குத் திரும்பவில்லை, வயிற்றுப் பக்கம் குடியேறிவிட்டது. உடம்பு மாறினாலும் உள்ளே இருப்பது பழைய ஆள்தான் என்று சொன்ன அந்த ஏழாம் நூற்றாண்டுக் கோமாளி நாடகத்தை ஆய்வாளர்கள் பார்த்திருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும்.

சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம்

2000இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், லைப்போசக்ஷன் செய்தவர்களில் சுமார் 5,000 பேருக்கு ஒருவர் இறந்திருந்தது தெரிந்தது. கொழுப்புத் துணுக்கோ இரத்தக் கட்டியோ நுரையீரலை அடைப்பது, குழாய் குடலைக் குத்துவது, மரப்பு மருந்து அளவு மீறுவது, ஒரே நாளில் பேராசையாகப் பல அறுவைகளைச் சேர்த்துச் செய்வது, இவைதான் முக்கியமான காரணங்கள். தேர்ந்த கைகளில் ஆபத்து இதைவிடக் குறைவு. ஆனால் 2022 மே மாதம் பெங்களூரில் இளம் கன்னடச் சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்க அறுவைக்குப் போய் வீடு திரும்பவில்லை. பெற்றோருக்குச் சொல்லாமல் போயிருந்தார். சொன்னால் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் உடம்பைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கும். இரண்டாவதுதான் கனமாக இருந்திருக்கிறது. கல்யாண வீட்டில் 'உடம்பு போட்டுட்டே' என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பெரியம்மாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

செய்துகொள்வதும் கொள்ளாததும் அவரவர் இஷ்டம். ஆசைப்படுவது குற்றமில்லை, ஏமாறுவதுதான் குற்றம். காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ பஸ் ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் முறையான பட்டம் பெற்றவரா? மயக்க மருந்து நிபுணர் அங்கேயே இருப்பாரா? ஏதாவது ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்திலா, ஆம்புலன்ஸ் போகும் தூரத்திலா? எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? இவற்றுக்கு நேரான பதில் சொல்லாமல், 'இந்த வாரம் மட்டும் தள்ளுபடி' என்று எவராவது ஆரம்பித்தால், வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடலாம்.

செலவு விஷயத்தையும் தெளிவாக்கிவிடுவோம். வெறும் அழகுக்கான அறுவை என்றால் மருத்துவக் காப்பீடு கையை விரித்துவிடும். விதிவிலக்குப் பட்டியலிலேயே அது இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டமோ மற்ற வைத்தியத்துக்குப் பெரும்பாலும் விலக்குத் தந்துவிட்டு, பிறவிக் குறையோ விபத்தோ இல்லாத அழகு சிகிச்சைக்கு 18 சதவீதம் போடுகிறது. வெம்பாக்கத்திலும் ஆரணியிலும் நெய்யும் பட்டுப் புடவைக்கு 5 சதவீதம்தான். ஆக, தொப்பையை எடுப்பதற்கு 18, மறைப்பதற்கு 5. நிதி அமைச்சகம் இதுவரை கொடுத்த மருத்துவ ஆலோசனைகளிலேயே யோசிக்கத் தகுந்தது இது ஒன்றுதான்.